கட்டின் நடு

சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சிக்கு இருபது வருடங்களுக்கு மேலாகப் போய்வருகிறேன். அதில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

ஜும்ஆவுக்காகப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தேன். உளூச் செய்துவிட்டு உள்ளே நுழைந்தால், மூன்றாவது வரிசையில் ஆக்ராக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய செருப்புக் கம்பெனி ஒன்றுக்குத் தோல் வாங்குகிறவர். முதல் வரிசையிலேயே இடம் காலியாக இருந்தது. முதல் வரிசைக்கு எவ்வளவு நன்மை என்று ஓதுகிற வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். போகவில்லை. இரண்டு பேரைத் தாண்டிப் போய் அவர் தோளோடு தோள் படும்படி உட்கார்ந்தேன். தொழுகை முடிந்ததும் ஸலாம் சொல்லிக் கை நீட்டினேன். சாயங்காலம் எங்கள் ஸ்டாலுக்கு வந்தார். ஆர்டரும் வந்தது.

அன்றைக்கு நான் தொழுதது தொழுகைதானா? அந்தக் கைகுலுக்கலுக்கு நட்பு என்று பெயர் வைக்கலாமா? லாபம் தேடிப் போன இடத்தில் பிறக்கிற உறவு உண்மையான உறவாகுமா? எங்கள் ஊர் மேல்விசாரம் திரும்பி, சரக்கும் அனுப்பிய பிறகு எங்கள் ஹஜ்ரத்திடம் போய் உள்ளதைச் சொல்லிக் கேட்டேன்.

அவர் உக்காழ் சந்தையைப் பற்றிச் சொன்னார். தாயிஃப் பக்கத்தில், ஹஜ்ஜுக்கு முந்திய நாட்களில் கூடிய சந்தை அது. கவிஞர்கள் பாடுவார்கள், குலங்கள் பகை தீர்க்கும், வியாபாரமும் நடக்கும். தாயிஃப் தோல் பதனிடுதலுக்குப் பெயர் போன ஊர் என்பதால் தோலும் விற்றிருக்கும் என்று எனக்காகவே சேர்த்துக்கொண்டார். இஸ்லாம் வந்த பிறகு, ஹஜ் நாட்களில் அங்கே விற்பதும் வாங்குவதும் பாவமோ என்று முஸ்லிம்கள் தயங்கினார்கள். அப்போது இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றம் இல்லை என்று, அல்பகரா அத்தியாயத்தில் வசனம் இறங்கியது. "லாபம் தேடுனது தப்பில்ல பாய்," என்றார் ஹஜ்ரத். "அவருக்கு என்ன குடுத்தீங்க, அதைச் சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு நான் வாய் திறக்கவில்லை. கொடுத்த சரக்கு என்னவென்று எனக்குத்தானே தெரியும்.

ஆட்டுத்தோலில் அம்மை வடு என்று ஒன்று உண்டு. ஆட்டுக்கு அம்மை போட்டு ஆறிய இடத்தில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்னக் குழிகள் நிற்கும். கறுப்புச் சாயமும் மேல்பூச்சும் ஏறினால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தோலின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். செருப்புக்கு மேல்பாகம் தைத்து அச்சில் ஏற்றி இழுக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும். ஆக்ராவுக்குப் போன ஒவ்வொரு கட்டிலும் மேலே பத்தும் கீழே பத்தும் முதல் தரம். நடுவில் வடுத்தோல். ஆட்கள் அடுக்கியதுதான், ஆனால் என் கண் முன்னால் அடுக்கினார்கள்.

அவரிடமிருந்து புகார் வரவில்லை, போனும் வரவில்லை. மறு வருடம் கண்காட்சியில் எங்கள் ஸ்டாலுக்கு வந்தார். மேஜை மேல் இருந்த கட்டின் நடுவில் கையை நுழைத்து ஒரு தோலை உருவினார். இழுத்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். வைத்துவிட்டு, "நல்லாயிருக்கீங்களா பாய்?" என்று உருதுவில் கேட்டார். அவ்வளவுதான்.

மதீனா கடைத்தெருவில் நபிகள் நாயகம் தானியக் குவியலுக்குள் கை விட்டபோது விரலில் ஈரம் பட்ட செய்தி எல்லோரும் அறிந்தது. மழை பெய்துவிட்டது என்றான் வியாபாரி. நனைந்ததை எல்லோருக்கும் தெரியும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள் நாயகம். எத்தனையோ ஜும்ஆ பயானில் கேட்ட ஹதீஸ்தான். அந்த ஆக்ராக்காரர் கை நுழைத்த நிமிடத்தில்தான் எனக்கு அது விளங்கியது.

என் அத்தாவுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் காலத்தில் பெரியமேட்டுத் தோல் மண்டிகள்தான் கண்காட்சி. சென்ட்ரல் எதிரே, எங்கள் ஊரில் பிறந்து தோல் வியாபாரத்தில் பெருஞ்செல்வரான நவாப் சி. அப்துல் ஹக்கீம் பயணிகளுக்காகக் கட்டிக்கொடுத்த சித்தீக் சராயில் தங்குவார். காலையில் மண்டியில் கட்டைப் பிரித்ததும் கழிவுத் தோலை எடுத்து முதலில் மேலே போடுவார். "இதைப் பார்த்துட்டு விலை சொல்லுங்க" என்பார். அவரிடம் விசிட்டிங் கார்டு கிடையாது. அவர் மௌத்துக்குக் கான்பூரிலிருந்து ஆள் வந்தது.

ஆக்ராக்காரர் கட்டில் கை நுழைத்த அன்றே அவரிடம் நடந்ததைச் சொல்லி, வடுத்தோலுக்கு உண்டான விலையைக் கழித்துக்கொடுத்தேன். அதோடு என் கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

2015 ஜனவரி 31 விடிவதற்கு முன் ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் தொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஜனவரி கடைசி என்றால் சென்னையில் கண்காட்சி நேரம். அந்த முறை எங்கள் ஸ்டாலில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் செய்தித்தாளைக் காட்டி, இது உங்கள் ஊரா என்று கேட்டார். "அது வேறு ஊர்" என்றேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆற்காட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை.

நான் சொன்னது பொய் இல்லை என்று யாராவது வாதாடலாம். ஆனால் நான் மறுபடியும் ஈரத்தை உள்ளே தள்ளி மூடினேன். கண்காட்சியை ஒட்டி, அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் லெரிக் என்ற ஒன்றுகூடலை நடத்துகிறது. தோல் கழிவுநீரில் குரோமையும் உப்பையும் எப்படிக் குறைப்பது என்று அங்கே விஞ்ஞானிகள் விளக்குவார்கள். கேட்டுவிட்டு வந்து ஸ்டாலில் உட்கார்ந்தால் தோலின் மென்மையைப் பற்றி மட்டும் பேசுவோம். பாலாற்றைக் கெடுத்தவர்கள் ஈடு கொடுக்க வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைக் கோர்ட்டு விவகாரமாகத்தான் பார்த்தோம், கடன் என்று நினைத்தவர் குறைவு. வாங்குகிறவரும் விற்கிறவரும் கை குலுக்கும்போது, சேற்றில் இறந்தவனும் கிணறு கெட்டுப்போன விவசாயியும் அந்த உறவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களை மறைத்து நான் சம்பாதிக்கும் நட்பு எதுவும் நட்பில்லை என்றுதான் இப்போது நம்புகிறேன்.

அந்த வெளிநாட்டுக்காரரை மறுநாள் அரங்கம் முழுக்கத் தேடினேன். போய்விட்டிருந்தார்.

இப்போது ஸ்டாலில் கட்டை நடுவில் பிரித்தே வைக்கிறேன். எங்கள் தண்ணீர் எங்கே போகிறது, எவ்வளவு சுத்தமாகிப் போகிறது, எது இன்னும் சரியாகவில்லை என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

கண்காட்சி நாளில் வெள்ளிக்கிழமை வந்தால் முதல் வரிசைக்குப் போய்விடுகிறேன். ஆக்ராக்காரர் பின்னால் எங்கோ தொழுவார். வெளியே வந்து பார்த்தால், செருப்பு விடும் இடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்.