நடை சாத்தும் நேரம்

சமீபத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குப் போகிற வழியில், கடைசி வரிசையில் என் ஒன்றுவிட்ட தங்கையைப் பார்த்தேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் மகன். 14 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு வராது, கழுத்து நிற்காது. சிரித்தால் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

போகிறவர்கள், வருகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஒரு நிமிஷம் நின்றார்கள். பையன் கன்னத்தைத் தட்டினார்கள். ‘உன்னை மாதிரி யாரால முடியும்? நீ மனுஷியே இல்லம்மா, தெய்வம்!’ என்றார்கள். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன்.

அவள் சிரித்துக்கொண்டே, “தெய்வத்துக்குக்கூட மத்தியானம் நடை சாத்துறாங்க அண்ணா. எனக்குப் பதினாலு வருஷமா சாத்தலை” என்றாள்.

அன்றைக்கு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

உங்களிடம் ஒரு கேள்வி. பெற்ற பிள்ளையை விட்டு இரண்டு மணி நேரம் விலகி இருக்க ஒரு தாய் ஆசைப்பட்டால், அது பாசக் குறைவா?

அவசரப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடாதீர்கள். வாயால் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அதே தாய், பையனை வீட்டில் யாரிடமோ விட்டுவிட்டு, தியேட்டரில் பாப்கார்னும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நம் புருவம் என்ன செய்யும்? ‘பாவம், அந்தப் புள்ளைய யாரு பாத்துக்கறா?’ என்று பக்கத்து சீட்டில் கேட்க மாட்டோமா?

மற்ற அம்மாக்களை யோசித்துப் பாருங்கள். ஸ்கூல், டியூஷன், கிரிக்கெட், லீவு விட்டால் பாட்டி வீடு என்று பிள்ளை பாதி நாள் கண்ணிலேயே படுவதில்லை. அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அதற்குப் பெயர் வளர்ப்பு. இவள் கேட்டால் மட்டும் அது ‘ஓய்வு’ ஆகிவிடுகிறது, சலுகை ஆகிவிடுகிறது. (அப்பாக்களைப் பற்றிக் கேட்கிறீர்களா? அவர்களுக்கு ஆபீஸ் இருக்கிறது. நான் ஓர் அப்பா என்பதால் இதற்கு மேல் சொல்லவில்லை.)

அவளுடைய ஒரு நாள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வேளைச் சாப்பாடு ஊட்ட முக்கால் மணி நேரம். அவசரப்படுத்தினால் புரையேறிவிடும். ராத்திரி இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். பையன் வளர்கிறான், அவள் இடுப்பு வளரவில்லை. தூக்கித் தூக்கி, இப்போது பெல்ட் போட்டுக்கொண்டுதான் தூக்குகிறாள்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1989-ம் வருஷத்துக் குழந்தைகள் சட்டத்தில் பின்னால் ஒரு திருத்தம் சேர்த்து, மாற்றுத்திறன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இடைவெளி கொடுப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்றார்கள். 2011-ல் அதற்கென்று தனி விதிகள் வந்தன. பகலில் பார்த்துக்கொள்வது, ராத்திரி தங்கவைப்பது, பள்ளி விடுமுறையிலும் சனி ஞாயிறுகளிலும் பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போவது எல்லாம் அதில் அடக்கம். அதற்காக அங்கே பாலும் தேனும் ஓடுவதாக நினைக்க வேண்டாம். காசில்லை என்று வெட்டுகிறார்கள், பெற்றோர் கோர்ட்டுக்குப் போகிறார்கள். மேற்கு பெர்க்‌ஷைர் மன்றம் இதற்கான நிதியைக் குறைத்தது சட்டப்படி செல்லாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பே சொன்னது.

அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தை எனக்கு உறுத்தியது. ‘தொடர்ந்து கவனித்துக்கொள்ள, இன்னும் திறம்படக் கவனித்துக்கொள்ள’ இடைவெளி தர வேண்டுமாம். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி இல்லை? திரும்ப வந்து ஒழுங்காக ஓடுவாள் என்பதற்காகத்தான் அவளுக்கு ஓய்வா? வெறுமனே பானி பூரி சாப்பிடப் போகக் கூடாதா? ஆனால் 2011 விதிகள் கொஞ்சம் மனசு வைத்திருக்கின்றன. படிக்க, பொழுதுபோக்க, மற்ற பிள்ளைகளைக் கவனிக்க, வீட்டு வேலை பார்க்க என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். ஆள் விழுகிற வரை காத்திருக்க வேண்டாம் என்று அர்த்தம்.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-ல் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. தற்காலிகப் பராமரிப்புக்கென்று ‘சமர்த்’ என்ற திட்டமும் கொண்டுவந்தார்கள். ஆனால் உங்கள் ஏரியாவில் ஒரு பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்பி விடக்கூடிய இடம் எது என்று கேட்டால், உங்களால் விலாசம் சொல்ல முடிகிறதா? எனக்கு முடியவில்லை.

“இடம் இருந்தா மட்டும் விட்டுடுவேனா அண்ணா? அடிச்சாக்கூட அவனுக்குச் சொல்லத் தெரியாதே” என்றாள் தங்கை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அது வீண் பயமும் இல்லை. சட்டமோ திட்டமோ இந்தப் பயத்தைப் போக்காது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து, அவன் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால்தான் போகும்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலரும் சாமியிடம் கேட்பதுதான். “எனக்கு ஒரு நாள் முன்னாடி இவன் போயிடணும்.”

பெற்ற வாயில் இந்த வேண்டுதல் ஏன் வருகிறது? எந்த அழுகை வயிற்றுவலி, எந்த அழுகை சும்மா போரடிக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டினால் புரையேறாது என்பதும் அந்த ஒரே தலைக்குள்தான் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அது இன்னொரு தலைக்குள் போக முடியும். நாம் அவளைத் தெய்வமாக்கிக் கருவறையில் வைத்துவிட்டதால், வேறு யாரும் உள்ளே போகவே இல்லை.

பையன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 14 வயதில் நாம் வீட்டில் பொய் சொல்லிவிட்டு எங்கெல்லாம் சுற்றினோம்! அம்மாவுக்குத் தெரியாத ஒரு சாயங்காலம்கூட அவனுக்கு இதுவரை கிடைக்கவில்லை.

மூன்று ஞாயிறு அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஊட்டவும் தூக்கவும் நானும் என் மகனும் கற்றுக்கொண்டோம். நாலாவது ஞாயிறு பையனை மெரினாவுக்குக் கூட்டிப்போனோம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலி போவதற்காக மணலில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள் அல்லவா? 263 மீட்டர். 2022 நவம்பரில் திறந்து, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்த பாதை. அதில் தள்ளிக்கொண்டு போனோம். அலைச் சத்தம் நெருங்க நெருங்க அவன் சிரித்த சிரிப்பில், சுண்டல்காரப் பையன் நின்று திரும்பிப் பார்த்தான். பஞ்சுமிட்டாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து நாக்கில் வைத்தோம். அது கரைந்துவிடும், புரையேறாது. என் மகன் அவன் காதில் என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்னவென்று எனக்குச் சொல்லவில்லை.

முதல் ஒரு மணி நேரத்தில் நாலு போன். அப்புறம் வரவில்லை. இப்போது எனக்குக் கவலை வந்து, நானே அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பிப் போனபோது ஈரத்தலையோடு கதவைத் திறந்தாள்.

“போன் பண்ணேனே, என்ன பண்ணிட்டிருந்தே?”

“குளிச்சிட்டிருந்தேன் அண்ணா. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுக் குளிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?”

பையனின் மணல் ஒட்டிய காலைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: “என்னைத் தேடினானா?”

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “இல்லம்மா. தேடலை” என்றேன்.

துடைக்கிற கை நின்றது. கொஞ்ச நேரம் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“அடுத்த ஞாயிறு உங்களுக்கு வேலை இருக்கா அண்ணா?”