மாஸ்டர், உங்களை நம்பித்தான் வருகிறான்

ஜிம் மாஸ்டர்களே, இது உங்களுக்காக எழுதுவது. பையன்களுக்கு அறிவுரை சொல்ல வீட்டிலும் வெளியிலும் ஆள் இருக்கிறது. ஆனால் உடம்பை ஏற்றும் இந்த ஒரு விஷயத்தில் அவன் அப்பா பேச்சையும் கேட்க மாட்டான், டாக்டர் பேச்சையும் கேட்க மாட்டான். உங்கள் பேச்சைத்தான் கேட்பான். அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

பையன் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வருகிறவன். கை நடுங்க பெஞ்ச் பிரஸ் முடித்து எழுந்தவனைக் கவுண்டருக்குக் கூப்பிட்டு, "உன் உடம்புக்குச் சாப்பாடு மட்டும் பத்தாது தம்பி, ஒரு மாஸ் கெய்னர் போடு, மூணு மாசத்துல ஏறிடும்" என்கிறோம். "எவ்ளோ மாஸ்டர்?" என்று கேட்பான். விலையைக் கேட்டதும் ஒரு நிமிடம் பேச மாட்டான். அடுத்த வாரம் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். இந்த வியாபாரத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

அந்த டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் இருப்பதை அவனோடு சேர்ந்து படித்திருக்கிறீர்களா? சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான மாஸ் கெய்னர்களில் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள் அது. சர்க்கரையைப் போலவே சட்டென்று ரத்தத்தில் ஏறும். எடை கூடுவது உண்மைதான். கூடுவதில் எவ்வளவு சதை, எவ்வளவு கொழுப்பு என்று அவனுக்குச் சொல்கிறீர்களா?

வே புரோட்டீன் விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. பாலிலிருந்து பிரிந்த நீரை வடித்து உலர்த்திய தூள் அது. கிரியேட்டினும் விஷம் இல்லை; நன்றாக ஆராயப்பட்ட பொருள், நல்ல ஆரோக்கியம் உள்ள பெரியவர்களுக்கு நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும். தேவை இருப்பவன், கையில் காசு இருப்பவன், சிறுநீரகக் கோளாறு இல்லாதவன், தெரிந்து வாங்கிக் குடித்தால் அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? கேரள மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஓர் ஆய்வு 2024-ல் வெளியானது. இந்தியச் சந்தையில் கிடைத்த 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்ததில், ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளோடு ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன. ஏமாற்றுவதும் எளிது. புரதத்தை அளக்கும் வழக்கமான சோதனை நைட்ரஜனைத்தான் அளக்கிறது. கிளைசின், டாரின் போன்ற மலிவான சரக்கைக் கலந்தால் நைட்ரஜன் கூடிவிடும், லேபிளில் எண்ணும் ஏறிவிடும். பையனின் தசைக்குப் போய்ச் சேருவது அந்த எண் அல்ல.

அதே ஆண்டு மே மாதம் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடம்பை ஏற்றுவதற்காகப் புரத சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. நீங்கள் அதை ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். கணக்கையாவது போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள பையன் நன்றாக வெயிட் அடித்தால் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் சுமார் 96 கிராம் புரதம் போதும். நாலு முட்டையில் 24 கிராம். அரை லிட்டர் பாலில் 16. ஊற வைக்கும் முன் 50 கிராம் எடையுள்ள கொண்டைக்கடலையில் 10, வேர்க்கடலை 50 கிராமில் 12. மீல் மேக்கர் 50 கிராமில் மட்டும் 25 கிராம் இருக்கிறது. ஒரு ஸ்கூப் பவுடரில் இருக்கும் அளவு அது, பத்துப் பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். மீதியை வீட்டுச் சோறும் சாம்பாரும் தயிரும் தந்துவிடும். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவன் கையில் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாதது அல்ல. மாதச் சம்பளம் வாடகைக்கே சரியாகப் போகிறது, முதலாளி டார்கெட் வைக்கிறார், டப்பாவுக்குக் கிடைக்கும் கமிஷனில்தான் வீட்டில் பால் வாங்குகிறீர்கள். அப்படியென்றால் உங்கள் உழைப்புக்குக் காசு கேளுங்கள். பர்சனல் டிரெய்னிங்குக்குக் கேளுங்கள், டயட் எழுதித் தருவதற்குக் கேளுங்கள். வெளிப்படையாகக் கேட்டு வாங்கும் கூலியில் குற்றமே இல்லை. அறிவுரை போலச் சொல்லி விற்பதுதான் குற்றம்.

இதுவரை சொன்னது பணம் போகிற கதை. இனிச் சொல்வது உயிர் போகிற கதை.

டிராயரில் வைத்திருக்கும் சின்னக் குப்பிகளைச் சொல்கிறேன். "பம்ப் நல்லா வரும்" என்று போடுகிறார்களே, மெஃபென்டெர்மின், அது எதற்கான மருந்து தெரியுமா? முதுகில் மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்யும்போது நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால், அதைத் தூக்கி நிறுத்தக் கொடுப்பது. மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நிற்பார், மானிட்டரில் ஒவ்வொரு துடிப்பும் ஓடிக்கொண்டிருக்கும். அதை, அழுத்தம் சரியாக இருக்கும் 20 வயதுப் பையனுக்கு டிரெஸ்ஸிங் ரூமில் ஏற்றி, அப்படியே ஸ்குவாட் ராக்குக்கு அனுப்புகிறோம். இதயம் தாறுமாறாகத் துடிக்கும், அழுத்தம் எகிறும். நாளடைவில் ஊசி இல்லாமல் ஜிம்முக்கே வர முடியாதவனாக ஆகிவிடுவான்.

ஸ்டீராய்டு சைக்கிள் போடுவதும் இதே கொடுமைதான். டெஸ்ட், டெகா, ட்ரென் என்று செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோமே, அந்த ட்ரென்போலோன் அமெரிக்காவில் மாட்டைக் கொழுக்க வைக்கக் கொடுப்பது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துவிட்டால் உடம்பு தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் மனம் அப்படியே உடைந்து போகிறவர்கள் உண்டு. மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்து ஆபரேஷன் வரை போகிறவர்கள் உண்டு. நல்ல கொழுப்பு சரிந்து, இதயச் சுவர் தடித்து, வெளியே ஆணழகனாக நிற்பவனுக்கு உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும். 17 வயதில் போட்டால் எலும்பின் வளர்ச்சி முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம்; அவன் உயரம் அதோடு நின்றுவிடலாம். ஒரே குப்பியை நாலு பேர் பகிர்ந்துகொண்டால் ஹெபடைடிஸும் எச்.ஐ.வி.யும் கூடவே வரலாம்.

"நான் கொடுக்கலைன்னா வேற எங்கயாவது வாங்கிக்குவான்" என்று சொல்லாதீர்கள். வாங்கினால் வாங்கட்டும். உங்கள் கையால் வேண்டாம். பாதிப் பேர், "மாஸ்டரே வேணாம்னு சொல்லிட்டார்" என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடுவார்கள்.

தம்பிகளே, உங்களுக்கும் ஒரு சொல். இன்ஸ்டாகிராமில் பார்க்கும் அந்த உடம்பில் எத்தனை ஊசி இருக்கிறது என்று அந்த ஆள் உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாதீர்கள். எந்த மருந்து, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். கிரியேட்டின் எடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற பொருள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம், சொல்லாவிட்டால் காரணம் தெரியாமல் அவர் குழம்புவார்.

மாஸ்டர், நாளை வரை காத்திருக்காதீர்கள். இன்று இரவு ஜிம்மை மூடும் முன் அந்த டிராயரைக் காலி பண்ணுங்கள். யார் யாருக்குப் போட்டீர்கள் என்று உங்களுக்குத் தெரியும். போன் பண்ணுங்கள். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது என்று எவனாவது சொன்னால் விடியும் வரை விடாதீர்கள். வண்டியில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லை என்கிறவனையும் காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி.யும் ஈரல் பரிசோதனையும் எடுக்கட்டும். உள்ளே போன மருந்தின் பெயரை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்.