வர மறுக்கும் உரிமை

வெளிநாட்டார் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்கள் அங்கீகாரம் பெற வேண்டுமானால், தலைவரோ துணைத் தலைவரோ சீனராக இருக்க வேண்டும். ஆட்சிக்குழுவில் சீனரே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். சமயப் பாடம் கட்டாயமாக இருக்கக் கூடாது. 1925 நவம்பரில் பீஜிங் கல்வி அமைச்சகம் விதித்தது இது.

இத்தகைய நிலையங்கள் பலவற்றை நடத்திய மிஷனரிகளின் வாதம் எளிது: பள்ளி எங்களுடையது, பிடிக்காதவர் வேறிடம் போகலாம். வேறிடம் இருந்தால்தானே போவதற்கு! பெண்களுக்கு உயர்கல்வி தந்த இடங்கள் அன்று சொற்பம். நான்ஜிங்கின் கின்லிங் மகளிர் கல்லூரியில் 1919இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் ஐந்தே பேர். போக்கிடம் இல்லாதவரிடம் ஜெபத்துக்கு வா என்பது வற்புறுத்தலே. மேலும், அந்த மிஷன்கள் சீனாவுக்குள் பரவலாக வேரூன்றியதே பீரங்கி முனையில் எழுதி வாங்கிய ஒப்பந்தங்களின் பாதுகாப்பில்தான். கொடையின் தூய்மையை அளவுக்கு மீறிப் பேச முடியாது. அந்த ஆணைக்கு முன்பே பீஜிங்கின் யென்சிங் மிஷன் பல்கலைக்கழகம் வழிபாட்டை மாணவர் விருப்பத்துக்கு விட்டிருந்தது. ஆக, இயலாததை யாரும் கேட்கவில்லை.

சீனமயமாக்கல் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபட்டது. கின்லிங்கின் அந்த ஐவரில் ஒருவரான வூ யீஃபாங் 1928இல் தலைவரானார். பதவியோடு பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. யென்சிங்கிலோ 1929இல் சீனரான வூ லெய்சுவான் வேந்தரானார். ஆனால் கடிவாளம் அதுவரை தலைவராக இருந்த அமெரிக்கர் லெய்டன் ஸ்டூவர்ட்டிடமே இருந்தது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு அதற்கு நீதி என்று பெயரிடுவது அழகல்ல.

அரசின் கையும் சுத்தமில்லை. 1927க்குப் பின் தேசியவாதக் கட்சியான கோமிண்டாங்கின் ஆட்சியில் வாரந்தோறும் கட்சி நிறுவனர் சன் யாட்-சென் படத்தின் முன் மும்முறை குனிந்து வணங்க வேண்டும்; அவரது மரண சாசனம் வாசிக்கப்படும்; கட்சிக் கொள்கை பாடமாயிற்று. சிலை வழிபாடு போலிருக்கிறதே என்று கிறிஸ்தவர்கள் சிலர் தயங்கியதில் நியாயம் உண்டு. கட்டாய ஜெபத்தை ஒழித்தவர்களே கட்டாய வணக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கல்வி, திருச்சபைக்கும் கட்சிக்கும் அடங்காமல் தனித்து நிற்க வேண்டும் என்று 1922இலேயே எழுதியவர் கல்வியாளர் சாய் யுவான்பெய். அவரே பிறகு அந்தக் கட்சி அரசின் கல்வித் தலைமையை ஏற்றார் என்பது வேறு கதை. ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் நாடு எடுத்துக்கொண்டது.

பிறகு வந்த கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1952க்குள் மிஷன் பல்கலைக்கழகங்கள் கலைக்கப்பட்டன. யென்சிங் வளாகம் பீஜிங் பல்கலைக்கழகத்தின் இருப்பிடமானது. அங்கே இப்போது தலைவரும் சீனர், பணமும் சீனாவினுடையது, சமயப் பிரச்சாரம் அறவே இல்லை. அரசியல் பாடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல மட்டும் உள்நாட்டு மாணவருக்கு இடமில்லை.