பழம்பொருளும் பயன்பாடும்: ஒரு கியர்த்தடி எழுப்பும் அறவினா

அறவியல் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான கடப்பாடுகளைப் பற்றியே பேசுவர். விலங்குகளையும் சிலர் அவ்வட்டத்துள் சேர்ப்பர். ஆனால் உயிரற்ற பொருள் ஒன்றுக்கு நாம் தீங்கிழைக்க முடியுமா என்ற வினா எழும்போது பலர் புன்முறுவலுடன் விலகிவிடுகின்றனர். இரும்புக்கு நோவில்லை, மரத்துக்கு மானமில்லை, அவ்வாறிருக்க அவற்றின்பால் நேர்மை, துரோகம் என்ற சொற்களை வழங்குதல் எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்தம் வாதம். எனினும், ஒரு பழைய வண்டியை அதன் உரிமையாளர் தம் வசதிக்கேற்ப மாற்ற முற்படுகையில், அவ்வண்டியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள் கூட மனம் பதைப்பதை நாம் காண்கிறோம். அப்பதைப்பு வெறும் உணர்ச்சிவசப்படல்தானா, அன்றி அதனடியில் ஏதேனும் நியாயம் உண்டா என்பதே இக்கட்டுரை ஆராய விழைவது. ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சிறியது: சுக்கான் தண்டின் மீது பொருத்தப்பட்ட கியர்த்தடியை அகற்றி, அதனைத் தரையில் நாட்டலாமா என்பது.

இன்றைய மாணவர் பலர் சுக்கானடிக் கியரைக் கண்ணாற் கண்டிரார். தொடக்ககாலக் கார்களில் கியர்த்தடி தரையிலோ சாரதியின் பக்கத்திலோதான் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டளவில் பொன்டியாக் வண்டிகளில் அது சுக்கான் தண்டுக்கு இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து ஏனைய அமெரிக்க நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. காரணம் எளியது. தரையில் தடி இல்லாவிடின் முன்னிருக்கையை ஒரே நீள்வாங்காக அமைக்கலாம்; சாரதிக்கருகே இருவர் அமரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏற்றுமதிச் சந்தையை நாடிய பிரித்தானிய நிறுவனங்களும் அவ்வழியைக் கைக்கொண்டன. ஒஸ்ரின் ஏ40 சமர்செற், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியன அக்காலத்தன. 1954இல் வெளிவந்த மொறிஸ் ஒக்ஸ்போட் இரண்டாம் தொடர் வண்டி, 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும் நான்கு கியர்களும் கொண்டது. அதன் வழிவந்ததே இந்தியாவின் லாண்ட்மாஸ்ரர். பின்வந்த அம்பாசிடரும் அதே குடும்பத்தின் அடுத்த தொடரிலிருந்து பிறந்ததாகும்.

சுக்கானடிக் கியரின் வேலைமுறையைச் சற்றே விளங்கிக்கொள்ளுதல் அவசியம். தரைக் கியரில் தடியின் அடிமுனை கியர்ப்பெட்டிக்கு உள்ளேயோ மிக அருகிலோ இருக்கிறது. கை அசைவு நேரடியாகப் பற்சக்கரங்களைச் சென்றடைகிறது. சுக்கானடிக் கியரிலோ கை அசைவு ஒரு நீண்ட பயணம் செய்தாக வேண்டும். சுக்கான் தண்டினை ஒட்டிக் கீழிறங்கும் தண்டு, அதன் அடியில் நெம்புகள், அவற்றிலிருந்து கியர்ப்பெட்டி வரை ஓடும் இணைப்புத் தடிகள், ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசியும் ஒரு புஷ்ஷும் எனச் சங்கிலித்தொடராக அமைந்தது அது. ஒவ்வொரு புஷ்ஷிலும் மயிரிழையளவு தேய்மானம் ஏற்பட்டாற் போதும். அத்தேய்மானங்கள் அனைத்தும் கூடிக் கைப்பிடியில் ஓர் அங்குல ஆட்டமாக வெளிப்படும். பின் ஒருநாள் இரு கியர்களுக்கிடையே இணைப்புச் சிக்கிக்கொள்ளும். சாரதி இறங்கி, மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டு நெம்பைத் தட்டி விடுவித்த பின்னரே வண்டி நகரும். சமவெளியில் இது சிரிப்புக்குரிய நிகழ்ச்சி. வத்தேகமவிலிருந்து உக்குவளை நோக்கி வளைந்து இறங்கும் பாதையில் இது சிரிப்புக்குரியதன்று.

இனி மெய்யியலுக்கு வருவோம். புளூட்டாக் கூறும் தீசியஸின் கப்பலை அறியாத மெய்யியல் மாணவர் இல்லை. உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, இறுதியில் பழைய பலகை ஒன்றுமே எஞ்சாதபோது, அது அதே கப்பல்தானா? 17ஆம் நூற்றாண்டில் ஹொப்ஸ் இதனை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியஸின் கப்பல்? நமக்கு இன்னும் அணுக்கமான உதாரணம் மிலிந்தனுக்கும் நாகசேனருக்கும் நிகழ்ந்த உரையாடலில் உளது. அச்சும் தேரன்று, சக்கரமும் தேரன்று, நுகமும் தேரன்று. இவையெல்லாம் கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர் என்பது நாகசேனர் தரும் விளக்கத்தின் சாரம். தேர் பற்றி மாத்தளை மாவட்டத்தாருக்குப் புதிதாகக் கூற வேண்டுவதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் மாசிமகத்தன்று ஐந்து தேர்கள் வீதிவலம் வரும் பெருமையுடையது. 1983 வன்செயலில் தீக்கிரையாகிப் பின் மீண்டெழுந்தது. இன்று வடம் பிடிக்கும் அடியார் எவரும் இது அதே கோவில்தானா என ஐயுறுவதில்லை.

உக்குவளையே இதற்கு இன்னொரு சான்று. 1976 முதல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தினூடாக உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, அங்கு மின்சாரத்தைப் பிறப்பித்த பின் சுது கங்கையிற் கலக்கிறது. அங்கிருந்து அம்பன் கங்கை வழியே வடக்கே செல்கிறது. தனதல்லாத நீரைச் சுமக்கும் சுது கங்கை இன்றும் சுது கங்கையே. நீரை இழந்த மகாவலி இன்றும் மகாவலியே. ஆகவே உட்பொருள் மாறுவதால் மட்டும் ஒன்று தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை எனலாம்.

ஆனால் இவ்வுதாரணங்கள் நமது வினாவுக்கு முற்றாகப் பொருந்துவனவல்ல என்பது ஈண்டு நோக்கற்பாலது. கப்பலின் உக்கிய பலகைக்கு ஈடாக இன்னொரு பலகை இடப்பட்டது. கப்பலைச் செலுத்தும் முறை மாறவில்லை. தேய்ந்த புஷ்ஷைக் களைந்து புதிய புஷ் இடுதல் இவ்வகையினது. தரைக் கியரோ அவ்வகையினதன்று. அது பாகத்தை மாற்றுவதன்று; பொருளுக்கும் கைக்கும் உள்ள உறவை மாற்றுவது. முப்பது ஆண்டுகள் அவ்வண்டியை ஓட்டியவரின் இடக்கை, ஆங்கில எச் எழுத்தைச் சாய்த்து நிறுத்தியது போன்ற அப்பாதையைக் கண்ணின் துணையின்றி அறியும். எப்போது மெல்ல இழுக்க வேண்டும், எவ்விடத்தில் ஒரு கணம் தயங்க வேண்டும் என்ற அறிவு எந்நூலிலும் எழுதப்பட்டதன்று. தடி பெயர்க்கப்படும் நாளில் அவ்வறிவு பயனற்றுப் போகிறது. இரும்புக்கு நோவில்லை என்போர் இந்த இழப்பைக் கணக்கிற் கொள்வதில்லை.

இதனைத் துரோகம் என்று கூறிவிடலாமா? அவசரப்படலாகாது. அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். பல்லாண்டுகள் சுக்கானடிக் கியருடன் வெளிவந்த அவ்வண்டிக்கு, 1990களின் தொடக்கத்தில் யப்பானிய இசுசு இயந்திரம் பொருத்தப்பட்டபோது ஐந்து கியர்களும் தரைத்தடியும் கூடவே வந்தன. 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வரை அதன் பெயர் அம்பாசிடரே. தொழிற்சாலை செய்யின் வளர்ச்சி, உரிமையாளன் செய்யின் சிதைவு என்பது என்ன நியாயம்? செய்தவனுக்கே மாற்றும் அதிகாரம் உண்டென வாதிடலாம். ஆனால் தொழிற்சாலை தான் முன்னர் விற்ற வண்டி எதனையும் தொடவில்லை. இனிவரும் வண்டிகளையே மாற்றியது. உரிமையாளன் கைவைப்பதோ ஏலவே உள்ள ஒன்றில். வேறுபாடு அதிகாரத்தில் இல்லை, எஞ்சியிருப்பவற்றின் எண்ணிக்கையில் உள்ளது. 1954இல் ஒருவர் தம் மொறிஸில் தடியைப் பெயர்த்து நட்டிருந்தால் எவரும் வருந்தியிரார். அருமை என்பது பொருளிற் பிறந்ததன்று, காலம் ஏற்றி வைத்தது.

இவ்விடத்து ஒரு பெயர்ப் பொருத்தத்தைச் சொல்லாமற் செல்ல மனமில்லை. பழங்கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்ற பெயரில் சுரண்டிச் சிதைப்பதைக் கண்டித்து, 1877இல் இங்கிலாந்தில் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்த கவிஞரும் கலைஞருமானவர் வில்லியம் மொறிஸ். 1913இல் முதலாவது மொறிஸ் ஒக்ஸ்போட் காரை வெளியிட்டு, பின்னர் நவ்பீல்ட் பிரபு ஆனவரும் வில்லியம் மொறிஸே. இருவரும் உறவினரல்லர். முன்னவர் இயந்திர உற்பத்தியை வெறுத்தவர். பின்னவர் அதனாலேயே செல்வரானவர். இன்று பின்னவரின் வண்டியைக் காக்க முன்னவரின் கொள்கையைத் துணைக்கழைக்கிறோம். வரலாறு சில வேளைகளில் நல்ல நகைச்சுவையாளன்.

இலங்கையின் நிலைமை இன்னுமொரு முரணை நம்முன் வைக்கிறது. 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் 1970 முதல் 1977 வரையான இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், அண்மையில் 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டமையும், பழைய வண்டிகளைக் கைவிட முடியாத நிலையை நம்மவர்க்கு ஏற்படுத்தின. உதிரிப்பாகம் இல்லாதவிடத்துக் கடைசற்பட்டறையில் பாகம் பிறந்தது. அதுவும் இயலாதவிடத்து வேறு வண்டியின் உறுப்பு ஒட்டவைக்கப்பட்டது. பிரித்தானிய வண்டியினுள் யப்பானிய இயந்திரம் உறுமுவது இங்கு புதுமையன்று. இன்று தூய்மைவாதிகள் போற்றும் பழைய வண்டிகளுட் பல, தூய்மையைப் பொருட்படுத்தாத கராச்சுக் கைகளாலேயே இன்றுவரை உயிர்வாழ்கின்றன. அக்கைகள் அன்று நூல்முறை பார்த்திருப்பின் அவ்வண்டிகள் பழைய இரும்பாக எடைக்குப் போயிருக்கும். மாற்றமே காப்பாற்றியதை, மாற்றத்திலிருந்து காப்பாற்ற வேண்டும் என்கிறோம்!

எமதூர் உக்குவளையில் இப்பிரச்சினை கற்பனையன்று. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் சுக்கானடிக் கியருடனான மொறிஸ் ஒக்ஸ்போட் ஒன்று உண்டு. இருமுறை இறக்கத்தில் கியர் சிக்கிக்கொண்ட பின், தரைத்தடி பொருத்திவிட வேண்டும் என்பது மகனின் கட்சி. அதே குடும்ப இயந்திரமுடைய எம்.ஜி.ஏ. போன்ற வண்டிகள் தரைக் கியருடனேயே வந்தன. ஆகவே இது இயந்திரத்தின் இயல்புக்கு மாறானதன்று என்பது அவர் காட்டும் ஆதாரம். தந்தையார் மறுக்கிறார். அவர் கூறும் காரணம் நாம் எதிர்பார்க்கும் பழமைப் பற்றன்று. நீளிருக்கையின் நடுவிடத்தைப் பற்றியே அவர் பேசுகிறார். தடி தரைக்கு வந்தால் நடுவில் எவரும் அமர இயலாது. அவர் துணைவியார் சன்னலோரத்திலும் பிள்ளைகளுள் ஒருவர் நடுவிலுமாக மாத்தளைக்குச் சென்றுவந்த ஆண்டுகள் அவ்விடத்தில் தங்கியுள்ளன. இன்றைய பாதுகாப்பு அறிவின்படி, பட்டியின்றி ஒரு பிள்ளையை அங்கே இருத்துதல் தகாது என்பதை அவரும் மறுக்கவில்லை. இப்போது அவ்விடத்தில் அவரது துணிப்பையே இருக்கிறது. இருப்பினும் அது இடமாக இருக்கட்டும் என்கிறார்.

தந்தையின் கூற்றில் நாம் தேடும் விடையின் ஒரு பாதி உளது என்பது என் கருத்து. பொருளின்பால் நமக்குள்ள கடப்பாடு உண்மையில் பொருளின்பாற்பட்டதன்று. அப்பொருளின் வழியாக நம்மை வந்தடையும் மனிதர்பாற்பட்டது. அதைச் செய்தவர், பயன்படுத்தியவர், அதனுள் அமர்ந்து சென்றவர், இனி அதைப் பெறப்போகிறவர் எல்லாரும் அவ்விரும்பில் ஒன்றுகூடுகின்றனர். ஆயினும் அக்கூட்டத்தில் வீதியில் எதிரே வருபவரும் ஒருவர் என்பதை மறத்தலாகாது. இறக்கத்தில் கியர் சிக்கினால், இயந்திரத்தின் தடுப்பின்றிப் பிரேக்கை மட்டும் நம்பி வண்டி இறங்கும். பள்ளி விட்டு வீதியோரமாக நடந்துவரும் பிள்ளைக்கு அவ்வண்டியின் வரலாற்றில் அக்கறை இருக்க நியாயமில்லை. நினைவுகளைப் பேணும் உரிமை ஒருவருக்கு உண்டு. அதன் செலவைப் பிறர் உடலின்மீது சுமத்தும் உரிமை இல்லை. இதில் மகனின் கட்சி அசைக்க முடியாதது.

ஆகவே பிணக்கு பழமைக்கும் வசதிக்கும் இடையிலானதன்று. ஆபத்து நீங்க வேண்டும் என்பது முடிந்த முடிபு. அது நீங்குவதற்கு எவ்வளவு அழிக்க வேண்டும் என்பதே எஞ்சும் வினா. பழைய வாகனங்களுக்கான அனைத்துலகச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம் இங்கு பயன்படும். வண்டி ஓடவேண்டும் என்பதை அது ஏற்கிறது. தேவையான மாற்றங்கள் அடக்கமாகவும் மூல அமைப்பைக் குலைக்காமலும் இருத்தல் வேண்டும், கழற்றிய பாகங்கள் வண்டியோடு பேணப்படல் வேண்டும் என்கிறது. மீளக்கூடிய மாற்றத்துக்கும் மீளாத மாற்றத்துக்கும் இடையே அறவியல் முறையில் பெரும் வேறுபாடு உண்டு. முன்னையது நமக்குப் பின் வருபவரோடு ஓர் உரையாடலைத் திறந்துவைக்கிறது. பின்னையது அவருக்கும் சேர்த்து நாமே தீர்ப்பளித்துவிடுகிறது. தரைத் தகட்டை வெட்டுதல் பின்னைய வகையினது. வெட்டிய தகட்டை மீண்டும் ஒட்டலாமே என்பர். ஒட்டலாம், ஆனால் அவ்வொட்டு வெட்டைச் சொல்லிக்கொண்டேயிருக்கும்.

பட்டயங்களை எழுதுவோர் பெரும்பாலும் வசதியுள்ள நாட்டினர் என்பதையும் குறிப்பிட வேண்டும். இரண்டு கார் வைத்திருப்பவர் ஒன்றைத் தூய்மையாகப் பேணலாம். ஒன்றே வைத்திருப்பவர், அதிலேயே நோயாளியை வைத்தியசாலைக்கும் மிளகு மூட்டையைச் சந்தைக்கும் ஏற்றிச் செல்பவர், அதே தூய்மைக்குக் கட்டுப்பட வேண்டும் எனக் கேட்பது நேர்மையாகாது. ஓட்டாதவர் ஓட்டுபவருக்கு விதிக்கும் தூய்மை எனக்கு ஐயத்துக்குரியதாகவே படுகிறது.

ஆசிரியரின் வண்டியைப் பரிசோதித்த கராச்சுப் பாஸ், "சேர், தடியில பிழை இல்ல, புஷ்ஷுதான் முழுக்கத் தேஞ்சு போச்சு" என்றாராம். பித்தளையிற் கடைந்த புதிய புஷ்களும் ஊசிகளும் இப்போது இடப்பட்டுள்ளன. நெம்புகள் சீராக்கப்பட்டபின் கைப்பிடியின் ஆட்டம் அற்றுவிட்டது. இறக்கத்தில் பலமுறை ஓட்டிப் பார்த்தும் சிக்கவில்லை. இப்புஷ்களும் சில ஆண்டுகளில் தேயும். அப்போது வண்டி மகனிடம் இருக்கக்கூடும். தடியை எங்கு நாட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியவரும் அவரே. தரைத் தகடு இன்னும் வெட்டப்படாமலே இருக்கிறது.