காயத்துக்கும் கணக்குண்டு

ஆபிரிக்காவின் நமீபியாவுக்கு முதன்முறையாக வேட்டைக்குச் செல்லும் வெளிநாட்டவரை, உரிமம் பெற்ற வழிகாட்டி உடனே காட்டுக்குள் அழைத்துச் செல்வதில்லை. முதலில் இலக்கில் சுடவைத்து அவரது குறியைப் பார்ப்பார். பின்பு தடம் பார்ப்பவர் முன்செல்ல, வெயிலில் நெடுந்தூரம் நடக்கவேண்டும். மூன்று கால் தடியில் துவக்கைத் தாங்கி, வழிகாட்டி சொன்ன பின்பே சுடலாம்.

அங்கு பொதுவான நியதி ஒன்றுண்டு. மிருகம் காயத்துடன் தப்பி மறைந்தாலும், கொன்றதற்குரிய முழுக் கட்டணத்தையும் செலுத்தவேண்டும்.

காயப்படுத்துவதும் கொலைக்குச் சமம் என்பதை வேட்டை நியதியே ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் பணம் கணக்கைத் தீர்க்குமேயன்றி, பற்றைக்குள் துடிக்கும் உயிரின் நோவைத் தீர்க்குமா?

கண்ணப்ப நாயனாரும் வேடரே. எம்பெருமானின் கண்ணில் குருதி கண்டதும் அவர் விலை பேசவில்லை. தம் கண்ணையே இடந்து அப்பினார். பிற உயிரின் காயத்தைத் தன் காயமாக உணர்வதே அன்பு. அவ்வுணர்வு வந்தவர் கையில் துவக்கு நில்லாது.