பதிவேட்டில் இல்லாதவர்கள்

நம் ஊர்ச் சுகாதார நிலையத்தில் காசநோயாளர் எத்தனை பேர் என்று வினவினால், பதிவேட்டைப் புரட்டி ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் தேடி வந்தவர்களை மட்டுமே குறிக்கும். 2019 முதல் 2021 வரை இந்தியாவெங்கும் நடந்த கணக்கெடுப்பில், 15 வயது நிரம்பியோரில் இலட்சத்திற்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது தெரியவந்தது. நம்மை மேலும் சிந்திக்கவைப்பது மற்றொரு செய்தி: நோய்க்குறி இருந்தவர்களில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடவேயில்லை. வெறும் இருமல்தானே என்று வாளாவிருந்தோரே அவர்களுள் மிகுதி. ஆயினும் அஞ்சி ஒளிகிறவர்களும் நம்மிடையே உண்டு. பேருந்தேறி அடுத்த ஊருக்குச் சென்று சளிப் பரிசோதனை செய்துகொள்கிறவர்களும் உண்டு.

இவர்கள் நோயை மறைப்பது பொய்யாகுமா? அறநெறி இறையியல் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. பொய்யுரைத்தல் ஆகாது, ஆனால் அறியும் உரிமையற்றவரிடம் உண்மையை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை. அவ்வுரிமை யாருக்கு உண்டு? ஒரே அறையில் உறங்குகிறவர்களுக்கு உறுதியாக உண்டு. அவர்களும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டுச் சிறு குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து தர வேண்டும். நோய் நீங்கி ஆண்டுகள் கடந்த பெண்ணைக் கேட்டு வரும் மணமகனுக்கு உண்டா என்றால், சற்றே தயங்குவோம். தெருவாருக்கு உண்டா என்றால், தயக்கமே வேண்டியதில்லை.

அச்சத்திற்குக் காரணம் இருந்த காலம் ஒன்று உண்டு. சென்னையில் 1956-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளரில் ஒரு சாராரைச் சானடோரியத்தில் சேர்த்தும், மறு சாராரை நெருக்கடி மிகுந்த அவர்தம் வீடுகளிலேயே விட்டும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அதனால் அவர்கள் குடும்பத்தாரிடையே நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. 1959-இல் முதல் முடிவுகள் வெளிவந்தன. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அதுவும் ஒரு காரணமாயிற்று.

நம் இல்லங்களிலோ தனித் தட்டும் தனித் தம்ளரும் இன்னும் எடுத்துவைக்கப்படுகின்றன. காசநோய் காற்றால் பரவும், தட்டால் பரவாது. தட்டைத் தனியே கழுவும் வீட்டில் சன்னல் மட்டும் சாத்தியே கிடக்கும்! தட்டைப் பிரித்து வைக்கிறவர்கள் நாம். நோயை மறைத்துவிட்டான் என்று குறைகூறுகிறவர்களும் நாமே.

அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்பதை எவரும் நோக்குவதில்லை. ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கிய ஆய்வில், நோயாளரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவுப்பொருள் வழங்கியபோது, அவர்களிடையே புதிதாக நோய் தோன்றுவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்தது. நம் அரசும் நோயாளரின் ஊட்டத்திற்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி, 2024 நவம்பரில் அதை 1000 ரூபாயாக உயர்த்தியது. அதைப் பெறுவதற்குப் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.