கன்னிக் கடற்கரை

‘கன்னிக் காடு’ என்கிறோம், ‘கைபடாத கடற்கரை’ என்கிறோம். பெண்ணைப் பூட்டிவைக்க உண்டாக்கிய சொல்லை மண்ணுக்கும் மரத்துக்கும் புகழ்மாலையாகப் போட்டாயிற்று. கற்பு என்ற பேச்சால் யாருக்கு ஆதாயம் என்று ஈரோட்டுக் கிழவர் கேட்டார். அதே கேள்வியைக் கடற்கரையிலும் கேட்கலாம்.

புவெர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே குலெப்ரா என்றொரு சின்னத் தீவு. அங்குள்ள ஃபிளமெங்கோ கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து தங்குகிறார்கள். அப்பா கூடாரம் அடிப்பார். அம்மா கேஸ் அடுப்பைப் பற்றவைப்பார் (விடுமுறையிலும் அடுப்பு அவருக்குத்தான்). பிள்ளைகள் மணலில் துருப்பிடித்து நிற்கும் டாங்கியில் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள். வந்தவர்கள் எல்லாம் பூசிப்பூசிச் சாயம் தடித்துப்போன டாங்கி அது. ‘கடவுளின் கைவண்ணம்’ என்று படத்தின் கீழே யாராவது எழுதுவார்கள்.

டாங்கியைக் கடவுள் செய்யவில்லை, அலையும் ஒதுக்கவில்லை. கொண்டுவந்தது அமெரிக்கப் படை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்க்காரர்களைக் கிளப்பிவிட்டுக் கடற்படை அங்கே இடம் பிடித்தது. பிறகு பல பத்தாண்டுகள், 1975 வரை, குண்டுபோட்டுப் பழகியது. இதற்கிடையே 1909இல் கடற்படைக்குத் தேவைப்படாத நிலத்தைப் பறவைகளுக்குக் காப்பிடமாக அறிவித்தார்கள். பறவைக்குக் கிடைத்த அந்தச் சலுகை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

1971இல் எதிர்ப்பாளர்கள் குண்டு விழும் அந்த மணலிலேயே ஒரு சின்னத் தேவாலயம் கட்டினார்கள். விடுதலைக் கட்சித் தலைவர் ரூபென் பெர்ரியோஸும் சிலரும் மூன்று மாதம் சிறைக்குப் போனார்கள். கோயில் கட்டுவதை மெச்சுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் சாமிக்காக அல்லாமல் ஊருக்காகக் கட்டிய அந்தக் கொட்டகைக்கு முன்னால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

கடல் முடிந்தால் அடுத்தது மழைக்காடு. பெரிய தீவில் எல் யுங்கே, சுமார் 28,000 ஏக்கர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. டைனோ மக்கள் அந்த மலையில் தெய்வம் குடியிருப்பதாக நம்பினார்கள். இன்று மலையேறும் படித்தவர் ‘இங்கே ஏதோ ஒரு சக்தி இருக்கிறது’ என்கிறார். டைனோக்காரராவது அந்தச் சக்திக்கு ஒரு பேர் வைத்திருந்தார். இந்தக் காடும் கன்னியில்லை. கைவிட்ட விளைநிலங்களில் 1930களில் ஆள் வைத்து மகோகனி நட்டிருக்கிறார்கள். உச்சியருகே நிற்கும் கல் கோபுரம், வேலையில்லாத இளைஞர்கள் அரசுக் கூலிக்குக் கட்டியது.

அழகாக இருந்தால் கன்னி, அடித்தால் தாயின் கோபம். 2017 செப்டம்பரில் மரியா புயல் அந்தக் காட்டை இலையில்லாமல் உரித்துப் போட்டது. செத்தவர்கள் 64 பேர் என்று பல மாதம் அரசு சொல்லிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ஆய்வுக்குப் பின் ஒப்புக்கொண்ட கணக்கு 2,975. காற்று அடித்துச் செத்தவர்கள் மட்டும் இருந்தால் எண்ணிக்கை அப்படித் தாவாது. மின்சாரமும் மருந்தும் வைத்தியமும் கிடைக்காமல் புயலுக்குப் பிந்தைய மாதங்களிலும் செத்தார்கள். தீவின் மின்வாரியமோ புயலுக்கு முன்பே, ஜூலையில், திவால் மனு கொடுத்திருந்தது. இதில் எந்தத் தாய்க்குக் கோபம்? தாய்மேல் பழியைப் போட்டால் கணக்குக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

குலெப்ராவில் வெடிக்காத குண்டுகளை இன்னும் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2013இல் அங்கே கடற்கரையில் விளையாடிய ஒரு சிறுமி மணலில் கிடந்த ஏதோ ஒன்றைக் கையில் எடுத்தாள். உள்ளே இருந்தது வெண்பாஸ்பரஸ். பிள்ளையின் கை வெந்துபோனது.